குடும்ப அறக்கட்டளையிடம் நிதி கேட்கிறோம்: டீச்சர் சம்பளத்தையும் கேட்கலாமா?

பொருநைப்பெண் | முக்கூடல் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் அம்மா மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்; ஆயிரம் பீடிக் கணக்கு முடிந்தால்தான் அன்றைய கூலி. இல்லையென்றால் சுற்றின பீடியைக் கடையில் ஒப்படைக்கப் போயிருப்பார். பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வாசி பார்ப்போம்" என்று சொல்ல அந்த நேரத்தில் வீட்டில் ஆள் கிடையாது. ஐந்தரையிலிருந்து எட்டு வரைக்கும் அந்த ஆளாக இருப்பதுதான் எங்கள் வேலை.

இடம் ஊர்ச் சமுதாயக் கூடம், வாடகை இல்லை. டீச்சர்கள் இரண்டு பேர். இருவரும் எங்கள் ஊருக்கு வாழ வந்தவர்கள், பி.எட். முடித்தவர்கள். ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய். அந்தப் பணம் துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிற ஊர்ப் பையன்கள் அனுப்புவது. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் பிந்தும்.

சென்னையில் ஒரு குடும்ப அறக்கட்டளை இருக்கிறது, தாத்தா பெயரில் நடத்துகிறார்கள், பூர்வீகம் நம் நெல்லை மாவட்டம். கோவில் கொடைக்கு வந்திருந்த அந்த வீட்டு மருமகள் மையத்துக்கும் வந்தார். கொஞ்ச நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "எழுதிக் கொடுங்க, பேசிப் பார்க்கிறேன்" என்றார். இப்போது அவர்கள் ஆபீசிலிருந்து படிவம் வந்திருக்கிறது. போனில் பேசியவர் சொன்னது: டேப்லெட், ஸ்மார்ட் போர்டு, கூடத்துக்குப் பெயிண்ட் என்று எழுதினால் லேசாக முடிந்துவிடுமாம். சம்பளம் வருஷா வருஷம் வருகிற செலவு, அதைப் போட வேண்டாமாம். நிர்வாகச் செலவை 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படியே போட முடியாதாம்.

எங்களுக்கு வேண்டியது டீச்சர் சம்பளம். அதைக் கேட்கலாமா? கேட்டால் வருகிறதும் நின்றுபோகுமா? எங்கள் டிரஸ்டில் மற்ற இரண்டு பேரும், கிடைக்கிறதை வாங்கு, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


களக்காடு வாத்தியார்

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. முதல் தடவை வருகிறவர்கள் கையில் பார்க்கக்கூடிய ஒன்றைத்தான் கொடுப்பார்கள். பெஞ்சு, பீரோ, மின்விசிறி என்று ஆரம்பித்த எத்தனையோ உறவுகள் பிறகு பெரிய உதவியாக வளர்ந்ததை நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் முதலில் தண்ணீர்த் தொட்டிதான் கட்டிக் கொடுத்தார். பின்னாளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமே கட்டினார். கொடுக்க வந்தவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.


பாளை ஆடிட்டர்

முதலில் அந்த 5 சதவீதத்தை முடித்துவிடுவோம். நிறைய பேர் இதைச் சட்டம் என்று நம்பி, சின்ன டிரஸ்டுகளின் கையைக் கட்டிப்போடுகிறார்கள்.

அது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புச் செலவு) விதியில் வருகிற எண். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வருகிற கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்த வேலையைக் கம்பெனி தன் பக்கத்தில் நிர்வகிப்பதற்கு ஆகும் செலவு, அந்த ஆண்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டுப்பாடு கம்பெனிக்குத்தான், களத்தில் வேலை செய்கிற உங்களுக்கு இல்லை. அதிலும், குறிப்பிட்ட ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக ஆகிற செலவு நிர்வாகச் செலவில் சேராது என்று அந்த விதியே சொல்கிறது. படிப்பு மையத்தில் டீச்சர் சம்பளம் நிர்வாகச் செலவே கிடையாது. மையம் என்பதே டீச்சர்தானே!

20 சதவீதம் என்று இன்னொரு வரம்பும் காதில் விழும். அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வருவது. 2020 திருத்தத்துக்கு முன்னால் 50 ஆக இருந்தது. இந்தியக் குடும்பம் இந்தியப் பணத்தைக் கொடுத்தால் அது உங்களைத் தொடாது. ஆக, அவர்கள் சொன்னது அவர்கள் ஆபீஸ் வழக்கம். வழக்கத்தைப் பேசி மாற்றலாம்.

உங்களிடம் இருக்க வேண்டிய தாள்களையும் சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்ட் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு, 12ஏபி பதிவு (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது). புது டிரஸ்ட் என்றால் முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, அல்லது வேலையைத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு நிதி கைக்கு வரும் நேரத்தில் என்னிடம் ஓடிவருகிறவர்கள் உண்டு. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் பதிந்து எண் வாங்கிவையுங்கள், பெரும்பாலோர் கேட்பார்கள். 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு தருகிற பதிவு) இருந்தால் நல்லது. ஆனால் கொடுப்பது இன்னொரு டிரஸ்ட் என்றால் அவர்களுக்கு 80ஜியால் பெரிய பயன் இல்லை, 12ஏபிதான் முக்கியம். அந்த வீட்டு அம்மா சொந்தப் பணத்தில் கொடுத்தால்தான் 80ஜி உதவும், அதுவும் அவர் பழைய வரி முறையில் இருந்தால்.

நான் சொல்வதெல்லாம் நம் வாயில் பழகிய பழைய பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரிய 2025ஆம் ஆண்டு புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. படிவம் நிரப்பும்போது உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.


கடையம் அக்கா

பணத்தைப் பற்றிப் பேசுகிறதுக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்களும் பீடிக் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள்தான். ஒரு குடும்ப அறக்கட்டளை, பெயர் வேண்டாம், எல்லாம் பேசி முடித்த பிறகு போட்டோ கேட்டார்கள். பிள்ளைகள் மடியில் சுளகு வைத்து, இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. டிரஸ்டிகள் கூட்டத்தில் காட்டினால் மனசு இளகும் என்றார்கள்.

எங்கள் பிள்ளைகளில் சிலர் வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்வது உண்டுதான். அதிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவரத்தான் மையமே. அந்தப் பிள்ளை முகத்தை அந்தக் கோலத்தில் சென்னையில் யாரோ நாலு பேருக்கு மேசையில் போட்டுக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. சட்டப்படியும் வில்லங்கம். பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளை பீடி வேலை செய்வதாகப் படம் வெளியே போனால் அம்மாவும் பதில் சொல்ல வேண்டி வரும். நாங்கள் கொடுக்க முடியாது என்று எழுதினோம். பணம் வரவில்லை. கஷ்டப்பட்டோம், மையம் நிற்கவில்லை.

உன் மையத்தைப் பார்த்த அந்த மருமகள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறாய். அது நல்ல அடையாளம். ஆனாலும் படிவத்தில் புகைப்படம் என்ற இடத்தைக் கவனமாகப் பார். பிள்ளை வாசிக்கிற படம் கொடு, தாய் தகப்பன் கையெழுத்தோடு கொடு. வேறு எதுவும் கேட்டால் என்னைக் கூப்பிடு, எப்படி மறுத்து எழுதுவது என்று சொல்கிறேன்.


அம்பை டு சென்னை

சொந்த ஊர் அம்பாசமுத்திரம். சென்னையில் ஒரு குடும்ப அறக்கட்டளையில் நிதி கோரிக்கைகளைப் படித்து டிரஸ்டிகளுக்குக் குறிப்பு எழுதுகிற வேலையில் சில வருஷம் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

குடும்ப அறக்கட்டளையில் முடிவு எடுப்பது குடும்பம். டிரஸ்டி கூட்டம் என்பது பெரும்பாலும் அண்ணன், தம்பி, மருமகள், ஒரு குடும்ப ஆடிட்டர், ஒரு பழைய நண்பர். ஆபீசில் போன் எடுப்பவருக்கு வேண்டியது கூட்டத்தில் கேள்வி வராத கோரிக்கை. டேப்லெட் வாங்கினால் பில் இருக்கும், போட்டோ இருக்கும், கோப்பை மூடிவிடலாம். சம்பளம் என்றால் "அடுத்த வருஷம்?" என்று பெரியவர் கேட்பார், அதற்கு ஆபீஸ்காரரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அவருடைய பயம் பாதி போய்விடும்.

அதனால் சம்பளத்தை ஒரு வருஷத்துக்குக் கேட்காதீர்கள். மூன்று வருஷத்துக்குக் கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஊர்ப் பங்கு எவ்வளவு கூடும், அவர்கள் பங்கு எவ்வளவு குறையும் என்று தொகையோடு காட்டுங்கள். வளைகுடாப் பையன்கள் அனுப்புவதை மறைக்க வேண்டாம், அதுதான் உங்கள் பலம். ஊரே சோறு போட்டு வளர்க்கிற மையம் என்று தெரிந்தால் கொடுக்கிறவருக்குத் தைரியம் வரும்.

இரண்டாவது, நிச்சயம் வரப்போகிற ஒரு கேள்வி. அரசாங்கம் 2021இல் இல்லம் தேடிக் கல்வி கொண்டுவந்ததே, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து மாலையில் பாடம் சொல்லித் தந்தார்களே, உங்கள் மையம் எதற்கு? இதற்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். உங்களிடம் ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? நம் பக்கம் பெண் பிள்ளை படிப்பை விடுகிற இடமே அதுதான். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும்.

மூன்றாவது நேரம். டிரஸ்டுகள் வரிவிலக்குக்காகத் தங்கள் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் அறப்பணிக்குச் செலவிட வேண்டும். முடியாவிட்டால் படிவம் கொடுத்து ஒதுக்கிவைக்கலாம், ஆனால் யாருக்கும் அது பிடிக்காது. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் பல இடங்களில் பணம் கையில் நிற்கும். அந்த அவசரத்தில் டேப்லெட்தான் வாங்குவார்கள். சம்பளம் மாதிரி நீளமான உதவிக்கு அடுத்த ஆண்டுத் திட்டம் போடுகிற சமயத்தில் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். கூட்டம் எந்த மாதம் நடக்கும் என்று போன் பண்ணி நேராகக் கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

வாத்தியார் சாருக்கு ஒரு வார்த்தை. சின்னதாகத் தொடங்கி வளரும் என்பது தனிமனிதர் விஷயத்தில் சரி. டிரஸ்டுகளில் முதல் வருஷம் நீங்கள் என்ன கேட்டீர்களோ அதுதான் உங்கள் முகம் ஆகிவிடும். டேப்லெட் கேட்ட மையத்துக்கு அடுத்த வருஷம் புரொஜக்டர்தான் கிடைக்கும்.


வள்ளியூரான்

அம்பை சொல்வது ரொம்பச் சரி. எங்கள் குளத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிற ஒரு குடும்பம் குளம் தூர்வாரப் பணம் தருவதாகச் சொன்னது. பொக்லைன் வாடகை எவ்வளவு ஆனாலும் தருகிறோம் என்றார்கள். முதல் சிக்கல் அனுமதி. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள குளம் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நம் குளம் எதில் வருகிறது என்று தெரிந்து, அந்தத் தாளை வாங்கவே ஒரு கோடை போய்விட்டது. அந்த அலைச்சலுக்கு, பஸ் செலவுக்கு, ஒரு ஆளின் கூலிக்குப் பட்ஜெட்டில் இடமே கிடையாது. தூர்வாரியாயிற்று, கரையில் பலகையும் வைத்தாயிற்று. மடையைப் பார்த்துக்கொள்ள, மறுகாலில் அடைப்பு எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டோம். அது விவசாயிகள் வேலை என்று சொல்லிவிட்டார்கள். 2023 டிசம்பர் மழையில் வரத்துக் காலில் வந்து அடைத்த மண்ணை ஊர்தான் எடுத்தது.

பொக்லைன் கொடுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனசுள்ளவர்கள். ஆள் செலவை முதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று அவர்கள் பக்கத்திலும் சொல்வதற்கு ஒருவர் இல்லை. நீங்கள் எழுதுங்கள்.


டல்லாஸ் நெல்லை

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே குடும்ப அறக்கட்டளைகள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் வருஷம்தோறும் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரோடு இருக்கும். வருஷத்துக்குச் சொத்து மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. கேட்கப் போகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் போவார். நம் ஊரில் அப்படித் திறந்த ஏடு இல்லாததால், அந்த அறக்கட்டளையிடம் ஏற்கெனவே வாங்கிய இரண்டு மூன்று அமைப்புகளைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். பணம் சொன்ன தேதிக்கு வந்ததா, நடுவில் திட்டத்தை மாற்றச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கவலையோடு சொல்கிறேன். இங்கே இருந்து பலர் "நாங்கள் அனுப்புகிறோம்" என்பார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் உங்கள் டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான். உங்கள் அளவுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

துபாய்ப் பையன்கள் விஷயம் வேறு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஒவ்வொருவர் பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.


பாளை ஆடிட்டர்

டல்லாஸ் நண்பர் சொன்னது சரி. கூடவே, பையன்களில் யாரும் எல்லார் பணத்தையும் சேர்த்துத் தன் பெயரில் அனுப்ப வேண்டாம். அவரவர் கணக்கிலிருந்து அவரவர் அனுப்பட்டும்.


சேர்மாதேவி கல்லெழுத்து

சம்பளம் தொடர் செலவு, அதனால் கொடுக்க மாட்டோம் என்கிறார்களே, அதற்கு ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டு. அவன் இளங்கோக்குடிச் சபையார் கையில் 290 காசு கொடுத்தான். அசல் அப்படியே நிற்க வேண்டும். காசுக்கு இரண்டு கலம் வீதம் வருஷம் 580 கலம் நெல் வட்டியாகச் சபையார் அளக்க வேண்டும், அதிலிருந்து கோவிலின் அன்றாடப் படையல் நடக்க வேண்டும். நாள்தோறும் வருகிற செலவுக்காகவே கொடுத்த கொடை அது. நம் ஆற்றங்கரைக் கல்வெட்டுகளில் இப்படி நிறைய உண்டு: விளக்கு எரிய, அமுது படைக்க, பணி செய்கிறவர் பிழைக்க. தாத்தா பெயரில் அறக்கட்டளை நடத்துகிற குடும்பத்துக்கு இது அந்நியமான பேச்சாக இருக்காது. மருமகளிடம் நேரில் பேசும்போது சொல்லுங்கள்.


பொருநைப்பெண்

எல்லோருக்கும் நன்றி. இதை வாசித்துக் காட்டினதில் எங்கள் டிரஸ்டில் ஒருவர் என் பக்கம் வந்துவிட்டார்.

கல்லெழுத்து அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு வட்டியில் சம்பளம் கொடுக்கும்படி கேட்கலாமா? அப்படியானால் வருஷா வருஷம் கை நீட்ட வேண்டாம்.

பட்ஜெட் இப்படிப் போட்டிருக்கிறேன். டீச்சர் ஆளுக்கு மாதம் 7,000, இரண்டு பேருக்கு வருஷம் 1,68,000. மையத்தைப் பார்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வருகிற பெண்ணுக்கு மாதம் 3,000, வருஷம் 36,000. புத்தகம், நோட்டு, சார்ட் 30,000. கணக்கு, தணிக்கை 20,000. ஆக 2,54,000. ஊர்ப் பங்கு முதல் வருஷம் 50,000, அடுத்தது 75,000, மூன்றாம் வருஷம் ஒரு லட்சம். அவர்களிடம் முதல் வருஷம் கேட்பது 2,04,000. இதில் டேப்லெட் இல்லை. 4,000லிருந்து 7,000 என்று போடக் கை கூசுகிறது. குறைக்கவா?


பாளை ஆடிட்டர்

வைப்பு நிதி, கணக்கில் மூலதன நிதி என்பார்கள், அதைப் பற்றி. ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு மூலதன நிதியாகக் கொடுத்தால் அதை அவர்கள் தங்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது, 2017இலிருந்து விதி அப்படி. சாதாரண நன்கொடையாகக் கொடுத்தால்கூட 2023 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதம்தான் அவர்கள் கணக்கில் ஏறும். உங்களுக்கு 2,04,000 கொடுத்தால் அவர்களுக்கு 1,73,400தான் செலவாக நிற்கும். அவர்கள் ஆடிட்டர் இதைச் சொல்லித் தயங்கினால் காரணம் தெரிந்திருக்கட்டும், உங்கள் மேல் குறை இல்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தில் யாராவது சொந்தப் பணத்தில், இது மூலதன நிதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். அதைத் தனியாக, சட்டம் அனுமதிக்கிற வங்கி வைப்பு போன்றவற்றில் போட வேண்டும். டிரஸ்டிடம் சம்பளம் கேளுங்கள், குடும்பத்திடம் மூலதன நிதி கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். உங்களிடம் 80ஜி இருந்தால், அவர்கள் கொடுத்த நிதியாண்டு முடிந்து வருகிற மே 31க்குள் நன்கொடை விவரத்தை வரித் துறைக்கு ஏற்றி, சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள். பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம்.


கடையம் அக்கா

குறைக்காதே. பி.எட். படித்த பிள்ளைக்கு 7,000 என்பது கூசுகிற தொகை இல்லை. 4,000க்கு அவர்கள் வருவது உன் முகத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும். அந்த அன்பைக் காட்டி எத்தனை வருஷம் வேலை வாங்குவாய்? ஒரு டீச்சர் போய்விட்டால் பிள்ளைகள் அடுத்த வாரமே குறையும், அதை நான் பார்த்திருக்கிறேன்.


அம்பை டு சென்னை

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பட்ஜெட் நன்றாக இருக்கிறது. ஊர்ப் பங்கில் கூடத்தின் வாடகை, தாய்மார் கொண்டுவருகிற சுண்டல், இவற்றையும் மதிப்புப் போட்டுக் காட்டுங்கள், பணமாக வராவிட்டாலும் பங்குதான்.

படிவத்தில் "திட்டச் சுருக்கம்" என்ற கட்டம்தான் டிரஸ்டிகள் உண்மையில் படிப்பது. அதில் "கல்வியில் பின்தங்கிய மாணவர்களை மேம்படுத்துதல்" என்று ஆரம்பிக்கிற கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன், மாற்றிக்கொள்ளுங்கள்:

"முக்கூடல் அருகே எங்கள் ஊரில் பெரும்பாலான தாய்மார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை, வாரம் ஆறு நாள், 46 பிள்ளைகள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் எங்கள் இரண்டு ஆசிரியர்களோடு படிக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை பாடநூலின் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், ஒன்பது, பத்து படிக்கிற பெண்கள் யாரும் பள்ளியை விடக் கூடாது. இந்த இரண்டும் எங்கள் இலக்கு. இதைச் செய்வது ஆசிரியர்கள். அவர்களுடைய மூன்று ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பங்கை உங்களிடம் கேட்கிறோம். மீதியை ஊர் தருகிறது."

46 என்று நான் போட்டது சும்மா, உங்கள் வருகைப் பதிவேட்டில் உள்ளதைப் போடுங்கள். டேப்லெட் பற்றி ஆபீஸ்காரர் கேட்டால், சம்பளம் உறுதியான பிறகு ஆசிரியர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுதுங்கள். அது மறுப்பு ஆகாது.


களக்காடு வாத்தியார்

அந்தக் கடிதத்தைப் படித்தேன். என் அனுபவத்தில் கொடுப்பவர் கையால் கொடுக்க ஒன்று வேண்டும் என்பதை இன்னமும் சொல்வேன். பாடநூல், அகராதி, அட்லஸ் என்று ஒரு 10,000 ரூபாய்க்குத் தனியாக எழுதுங்கள், அதை அந்த அம்மா பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும். சம்பளத்தையும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து போகும்.


பொருநைப்பெண்

சரி சார், புத்தகச் செலவில் 10,000ஐப் பிரித்து அப்படியே எழுதிவிட்டேன். ஒன்பது, பத்து படிக்கிற பெண்கள் எங்களிடம் 11 பேர், மொத்தம் 52 பிள்ளைகள். படிவம் போய்விட்டது. வைப்பு நிதிக் கடிதத்தை அந்த வீட்டு மருமகளுக்குத் தனியாகத் தபாலில் அனுப்பினேன். இன்று ஆபீசிலிருந்து போன் வந்தது. சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, மையத்தைப் பார்க்க இரண்டு டிரஸ்டிகள் வருகிறார்களாம், காலை பத்து மணிக்குச் சௌகரியப்படுமா என்று கேட்கிறார். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?


கடையம் அக்கா

காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், கூடம் பூட்டிக் கிடக்கும். அதைச் சொல்லி மாலை ஐந்தரைக்கு வரச் சொல். கார் ஊருக்குள் வர இடம் உண்டா என்று பார்த்துவை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாட்டுப் பாடவைக்காதே, அன்றைக்கு என்ன பாடமோ அதை நடத்தட்டும். வந்தவர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும். கேள்வி கேட்டால் டீச்சர்கள் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும், நீ பக்கத்தில் இரு. சம்பளப் பேச்சு வந்தால் மட்டும் டீச்சர்களை அனுப்பிவிட்டு நீ பேசு.